பூட்டாமல் போன ஒரு பிற்பகல்

அவர் எழுந்துபோன நாற்காலியில் சூடுகூட இருக்காது என்று எங்கள் அலுவலகத்தில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களில் நானும் உண்டு. கூட்டம் முடிந்து எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டே வெளியே நடந்த பிறகு, அவர் மட்டும் அறைக்குள் நின்று வெள்ளைப் பலகையை அழிப்பார். மூலையில் யாரோ கிறுக்கிய அம்புக்குறிகூட மிஞ்சாமல் அழிப்பார். பிறகு நாற்காலிகளை உள்ளே தள்ளுவார். ப்ரொஜெக்டரில் தங்கியிருக்கும் தன் கணினியின் பெயரை நீக்குவார். பதினெட்டில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஏசியை இருபத்து நாலுக்குக் கொண்டுவருவார்.

"விடுங்க தீதி, ஹவுஸ்கீப்பிங்ல வந்து பாத்துக்குவாங்க" என்பேன்.

"அவா வரதுக்குள்ள அடுத்த மீட்டிங் வந்துடும். உள்ள வரவா நம்ம சண்டையை எதுக்குப் பாக்கணும்?"

தீதி என்றால் வங்காளத்தில் அக்கா. அலுவலகமே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவருடைய தாத்தா கும்பகோணம் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு டைப் அடிக்க வந்தவராம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கொல்கத்தாவை விட்டு நகரவே இல்லை. தீதி லேக் கார்டன்ஸில் பிறந்து, அங்கேயே படித்து, அப்பாவோடு அங்கேயே இருந்தார். அவருடைய தமிழ் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த தமிழ். எண்களை வங்காளத்தில்தான் எண்ணுவார். கோபமும் வங்காளத்தில்தான் வரும். "ஹோபே நா" என்று ஒருதரம் சொல்லிவிட்டால், முடியாது என்றால் முடியாதுதான், மேலிடத்துக்குப் போனாலும் மாறாது.

நான் கோவில்பட்டிக்காரன். ஆறு மாதம் என்று சொல்லித்தான் என்னை இங்கே அனுப்பினார்கள். டாலிகஞ்சில் ஒரு வாடகை அறை எடுத்து, ஆறு வருடம் ஆயிற்று. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் குழுவுக்குத் தலைவன் நான். இந்தத் தொழிலில் வாய் இருந்தால் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். தீதி அதைப் பற்றி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒருவேளை கவனிக்கவே இல்லையோ என்று சில சமயம் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கான மென்பொருள். சோதனை முடிவுகள் வரும், எங்கள் நிரல் அதை ரிப்போர்ட்டாக்கி அச்சுக்கு அனுப்பும். காலை நேரத்தில் நூற்றுக்கணக்கில் வரும் என்பதால் ஒரே சமயத்தில் பல ரிப்போர்ட் தயாராக வேண்டும். அதற்கு நிரலுக்குள் எட்டு ஆட்கள் இருந்தார்கள். த்ரெட் என்போம். இழை என்று தமிழில் சொல்லலாம், நான் அறிந்து யாரும் சொன்னதில்லை. அந்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு இழுப்பறை. எந்த நோயாளியின் ரிப்போர்ட்டைச் செய்கிறார்களோ அவருடைய பெயர், வயது, டாக்டர் எழுதிய குறிப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். ஒருவர் இழுப்பறையை இன்னொருவர் திறக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான்.

சிக்கல் துடைப்பதில் வரும். ஒரு த்ரெட் வேலையை முடித்து ஒரேயடியாக வீட்டுக்குப் போனால், அதன் இழுப்பறை தானாகவே காலியாகிவிடும். எங்களுடைய எட்டும் வீட்டுக்குப் போகிற ஜாதி இல்லை. ஒருத்தர் ரிப்போர்ட் முடிந்ததும் அப்படியே உட்கார்ந்து அடுத்தவருடையதை எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அப்படியே ஓடும். ஆகவே ஒவ்வொரு ரிப்போர்ட்டின் முடிவிலும் இழுப்பறையைத் துடைக்க நாமே ஒரு வரி எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் முந்தைய ஆளின் மிச்சம் அடுத்த ஆளின் காகிதத்தில் வந்து ஒட்டும்.

இந்த ஒரு வரிதான் தீதியின் மதம். வேலை நல்லபடியாக முடிந்தாலும் சரி, நடுவில் தடுக்கி விழுந்து பாதியில் நின்றாலும் சரி, எந்தப் பக்கமாக வெளியே போனாலும் அந்த வரியைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு வங்காளிப் பையன் அவசரத்தில் நடுவிலேயே வெளியேறும்படி எதையோ எழுதிவிட்டான். தீதி அவனைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. அவன் குடித்துவிட்டு வைத்த காபிக் கோப்பையைக் கழுவாமல் அப்படியே கொண்டுவந்து, அதில் புதிதாகக் காபி ஊற்றி, அவன் முன்னால் வைத்தார். அவன் ஒரு வாரம் அவரைக் கண்டால் வேறு வழியாகப் போனான்.

எங்கிருந்து வந்தது இந்தக் குணம் என்று நான் யோசித்ததுண்டு. ஆயாக்களிடமிருந்துதான் என்று இப்போது தோன்றுகிறது. அவருடைய அப்பா மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்தார். கொல்கத்தாவில் தெருவுக்குத் தெரு ஆயா சென்டர் உண்டு. போன் செய்தால் ஒரு பெண்மணியை அனுப்புவார்கள், காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை ஒருவர், அதற்குப் பிறகு இன்னொருவர். ஒருவர் வரமுடியாவிட்டால் வேறொருவர் வருவார். நேற்றுவரை இன்னொரு வீட்டில் இன்னொரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இன்று இங்கே வந்து நிற்பார்.

ஒருமுறை அப்படி வந்த ஒருத்தி, சர்க்கரை நோயாளியான தீதியின் அப்பாவுக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு டீ கொடுத்துவிட்டாள். கேட்டதற்கு, "ஆகேர் பாடிதே" என்று தொடங்கினாளாம். முந்தைய வீட்டில் அப்படித்தான் கொடுப்பேன் என்று. அவள் பொய் சொல்லவில்லை. கெட்டவளும் இல்லை. முந்தைய வீட்டை இறக்கி வைக்காமல் வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அதிலிருந்து தீதி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எந்த ஆயா புதிதாக வந்தாலும் நேரே அப்பாவிடம் போகக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறையில் ஒரு பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, டீ குடிக்க வேண்டும். "முந்தின வீட்ல யாரு? என்ன நோவு? எத்தனை மணிக்கு மருந்து? எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வெப்பே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், "சரி, அது முடிஞ்சு போச்சு. இப்போ இந்த வீடு" என்பார். இதற்காகவே அலுவலகத்துக்குப் பத்து நிமிடம், கால் மணி தாமதமாக வருவார். அலுவலகத்தில் நிரல் விநோதமாக நடந்துகொண்டாலும் அவர் முதலில் கேட்பது, "இது எந்த ஆகேர் பாடி சமாசாரம்?" என்பதுதான். எங்கள் குழுவில் ஒரிசாக்காரன், பீகாரி எல்லோரும் அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். துர்கா பூஜை முடிந்து, பந்தல் பிரித்து, லாரியில் மூங்கில் ஏற்றிப் போன பிறகு லேக் கார்டன்ஸ் சந்துகளில் மூங்கில் நட்ட குழிகள் அப்படியே இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கி, குழி எது தரை எது என்று தெரியாது. தீதி தன் சந்தில் குழிகளை எண்ணி, தாளில் படம் போட்டு, பூஜை நடத்தும் பாடா கிளப்பின், அதாவது அந்தப் பேட்டைச் சங்கத்தின், செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். செயலாளர், "தீதி, அம்மன் இப்பத்தானே போயிருக்கா, ரெண்டு நாள் துக்கம் கொண்டாட விடுங்க" என்பாராம். தீதி அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மண் கொட்டி மூடும்வரை எழுந்திருக்க மாட்டார். இந்தக் கதையை அலுவலகத்தில் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அவரும் சிரிப்பார். "சிரிங்கோ, சிரிங்கோ. கால் உடைஞ்சா தெரியும்" என்பார்.

இனி அந்தப் பிற்பகல். இதைத் தள்ளிப்போடத்தான் மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மறுநாள் காலை வாடிக்கையாளருக்கு எங்கள் மென்பொருளைக் காட்ட வேண்டும். மதியம் வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. மூன்று மணிக்கு ஒரு ரிப்போர்ட் பாதியில் அறுந்தபோது மொத்த நிரலும் விழுந்தது. பார்த்தால், விழுந்த இடம் அந்தத் துடைக்கும் வரி. ஏற்கெனவே காலியாகிவிட்ட எதையோ அது மறுபடி தொடப்போய்த் தடுக்கியிருக்கிறது. தீதி பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரம் வேணும். தொடைக்கற வரிசையை மாத்தணும்" என்றார். உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் வந்தது. அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று ஆயா அழுதுகொண்டே சொன்னது பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே கேட்டது.

எழுந்தவர் அந்தப் பதற்றத்திலும் கணினியைப் பூட்டக் கையை நீட்டினார். அந்த வாடிக்கையாளருக்கான நிரலைத் தொகுக்கும் ஏற்பாடு அவர் கணினியில் மட்டும்தான் இருந்தது. பூட்டிவிட்டால் நான் மாட்டிக்கொள்வேன்.

"அப்படியே விட்டுட்டுப் போங்க தீதி. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"ஒரு நிமிஷம், பூட்டிட்டுப் போயிடறேன்."

"அட, போங்கங்கறேன்ல! அப்பாவைப் பாருங்க முதல்ல."

அவர் கையை இழுத்துக்கொண்டார். என்னைத் தெரிந்த இத்தனை வருடத்தில் நான் அவரிடம் குரலை உயர்த்தியது அப்போதுதான். பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திராமல் மாடிப்படியில் ஓடினார்.

நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேர வேலையைச் செய்ய எனக்குத் தெரியாது என்று இல்லை. பொறுமை இல்லை. அந்த வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். அப்படிப் போட்டால் அந்த வரி இருக்கும், ஆனால் ஓடாது. நிரல் விழவில்லை. அனுப்பிவிட்டேன். மறுநாள் காட்டிவிட்டு, சாயங்காலம் சாய்கோட்டை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் எல்லாரும் கைதட்டி, அதையே எல்லாக் கிளைகளிலும் போடச் சொன்னார்கள். ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மனைவி போன் செய்தாள். மறந்துவிட்டேன். மறதி என்று சொல்லிக்கொள்கிறேன், பாதி மறதிதான்.

தீதியின் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பத்து நாள் கழித்துத்தான் அவர் அலுவலகம் வந்தார். வந்ததும் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றினார். என்னிடம், "அன்னிக்கு அது என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"சரி பண்ணிட்டேன் தீதி" என்றேன்.

"நன்னா இருப்பேள்" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அது வந்தது. டாக்குரியாவில் எங்கள் வாடிக்கையாளரின் கிளை ஒன்று இருந்தது. ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி அங்கே சாதாரண ரத்தசோகைப் பரிசோதனைக்குப் போயிருக்கிறாள். ரிப்போர்ட்டில் பெயர் சரி, வயது சரி, எண்கள் சரி. மற்றவர்களுக்கு டாக்டர் குறிப்பு எழுதியிருப்பார், புதியது பழையதை மூடிவிடும்; அவளுக்கு எதுவும் எழுதவில்லை, அந்த இடம் காலியாக இருந்திருக்க வேண்டும். அதில், 'உடனடியாகப் புற்றுநோய் நிபுணரைப் பார்க்கவும்' என்று இருந்தது. அவளுக்கு முன்னால் பாதியில் அறுந்துபோன யாரோ ஒருவருடைய ரிப்போர்ட்டின் குறிப்பு அது. அந்தப் பெண்ணும் அவள் கணவனும் நான்கு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்திருக்கிறார்கள். நான்காம் நாள்தான் எவரோ ஒரு டாக்டர், இது உங்களுடையதாக இருக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த நான்கு நாளை நான் பலமுறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது தீதிதான். அரை நாளில் கண்டுபிடித்தார். என் இருக்கைக்கு வந்து நின்றார்.

"கெடச்சுடுத்து. தொடைக்கற வரியை யாரோ அணைச்சு வெச்சிருக்கா. வரிசையை மாத்தித் திரும்பப் போட்டுட்டேன்."

"அப்படியா?" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். 'யாரோ' என்ற அந்தச் சொல்லில் அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதே தெரியும். நான் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைக்கு மாற்றல் கேட்டு நான் கொடுத்திருந்த கடிதம் அப்போது மேலதிகாரியின் மேசையில் இருந்தது. மனைவி கோவில்பட்டியில், குழந்தைக்கு ஒன்றரை வயது, நான் அவனை மொத்தமாக நாற்பது நாள் பார்த்திருப்பேன். எனக்கும் காரணம் இருந்தது என்று சொல்ல வருகிறேன். காரணம் யாருக்குத்தான் இல்லை.

விசாரணைக் கூட்டம் காலை பதினோரு மணிக்கு. வாடிக்கையாளர் ஒரு பெயர் கேட்கிறார் என்று மேலதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார். திரையில் அந்த வரியின் வரலாறு ஓடியது. எந்த வரியை எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். பிற்பகல் மூன்று நாற்பது. பக்கத்தில் தீதியின் பெயர்.

"இது நீங்கள் செய்ததா?" என்று மேலதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

தீதி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வைத்தேன். சொல்லவில்லை.

"என் கணினியிலிருந்து போயிருக்கிறது. பூட்டாமல் எழுந்துபோனது நான். பொறுப்பு என்னுடையது" என்றார் தீதி.

மேலதிகாரிக்குப் பூட்டு, சாவி எல்லாம் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. பெயர் கிடைத்துவிட்டது. "ஓகே" என்று எழுதிக்கொண்டார். எல்லோரும் எழுந்தோம். பலகையில் அன்று யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. தீதி நாற்காலிகளை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு வந்தார்.

அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. எங்கள் குழுவிலிருந்து எடுத்து, வேலையில்லாதவர்களை உட்காரவைக்கும் தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே காலை ஒன்பதுக்குள் அட்டையைத் தேய்த்தாக வேண்டும், மாலை ஆறு வரை உட்கார்ந்திருந்தாக வேண்டும். செய்ய ஒன்றும் கிடையாது. எட்டு மணிக்கு வருகிற புது ஆயாவை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு அவரால் அலுவலகம் இருக்கும் சால்ட் லேக்குக்கு ஒன்பதுக்குள் வரமுடியாது. மூன்று வாரத்தில் ராஜினாமா கொடுத்தார். போகும்போது நாற்பது பக்கத்துக்கு ஒரு ஒப்படைப்புக் குறிப்பு எழுதி வைத்தார். அதில் அந்த வரியைப் பற்றியும் இருந்தது. இதை அணைக்க வேண்டாம், விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பின்வரும் படிகளில் இருக்கிறது என்று தொடங்கி, பொறுமையாக ஏழு படிகள். யார் அணைத்தார்கள் என்பது பற்றி ஒரு சொல் இல்லை.

அவர் போன மறுநாள் நான் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். அன்று தீதியின் கணினியில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். 'நானும்' என்றுதான் சொன்னேன். அவர் ஏதோ தட்டச்சு செய்துகொண்டே, "அது முடிந்துவிட்டது. அவரே ஒத்துக்கொண்டார். எதற்குக் கிளற வேண்டும்?" என்றார் ஆங்கிலத்தில். நான் அழுத்திச் சொல்லவில்லை. சொன்னேன் என்று பேர்.

மாற்றல் வரவில்லை. சென்னையில் இடம் இல்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லேக் கார்டன்ஸுக்குப் போனேன். முதல் மாடி. கதவைத் திறந்த ஆயா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். தீதி உள்ளிருந்து வந்து, "அட, நீங்களா! வாங்கோ வாங்கோ" என்றார். வீட்டுப் புடவையில், தலை வாராமல், அலுவலகத்தில் பார்த்ததைவிட வயதானவராக இருந்தார். உள்ளே கட்டிலில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார். அதைக் குடிக்காமலே நான் ஆரம்பித்தேன்.

"தீதி, அன்னைக்கு அது நான்தான்..."

"தெரியும். மூணு நாப்பதுக்கு நான் டாக்சில ஆத்துக்கு ஓடிண்டிருக்கேன்."

"அப்போ ஏன் தீதி சொல்லலை? என்னைக் காப்பாத்தணும்னு..."

"சே, சே. உங்களைக் காப்பாத்தலை. அப்படியெல்லாம் நெனச்சுக்காதீங்கோ." அவருக்குக் கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "நான் பூட்டிண்டு போயிருந்தா உங்களால அதைப் பண்ணியிருக்க முடியாது. தெறந்து போட்டது என் தப்பு. அதை நான் சொன்னேன். உங்களோடதை நீங்க சொல்லுவேள்னு ரெண்டு நிமிஷம் பாத்தேன். நீங்க தண்ணி குடிச்சேள். சரின்னு விட்டுட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுதிருக்கலாம். அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. ஆயா உள்ளே அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப நான் என்ன செய்யணும் தீதி? சொல்லுங்க."

"என்ன பண்ணமுடியும்? ஆத்துலேர்ந்தே பண்ற வேலை ஒண்ணு தேடிண்டிருக்கேன். கெடைச்சா அப்பாவையும் பாத்துக்கலாம். வேலை குடுக்கறவா கண்டிப்பா உங்களைக் கூப்பிட்டு என்னைப் பத்திக் கேப்பா, கடைசியா எனக்கு மேல இருந்தது நீங்கதானே. அப்போ நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ. அது போறும்."

சொல்கிறேன் என்றேன். அந்த வாக்கைக் கொடுத்துவிட்டு ரயில்வே கேட் வரைக்கும் நடந்தது நினைவிருக்கிறது. பல நாளைக்குப் பிறகு நிமிர்ந்து நடந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு ஒரு இடம் கிடைக்கப்போகிறது என்று இருந்தது. என்ன சொல்வேன் என்று வாக்கியம் வாக்கியமாக வைத்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து, அலுவலக கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வேலைக்குச் சேர்கிறவர்களைப் பற்றி விசாரிக்கிற ஏஜென்சி. ஆங்கிலத்தில் ஆரம்பித்த பெண், என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "தமிழா சார்? நான் சென்னைல இருந்துதான் பேசுறேன்" என்று தமிழுக்கு வந்தாள். தீதியின் பெயரைச் சொன்னாள். எத்தனை வருடம் வேலை பார்த்தார், நேரத்துக்கு வருவாரா, திரும்பவும் வேலைக்கு எடுப்பீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். சொன்னேன்.

"லாஸ்ட் கொஸ்டின் சார். அவங்க வேலைல சீரியஸா ஏதாவது தப்பு, என்கொயரி அந்த மாதிரி? எஸ் ஆர் நோ."

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"ஒரு என்கொயரி நடந்துச்சும்மா. ஆனா அதுல தப்பு பண்ணது அவங்க இல்ல, நான். அவங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து நான்தான்..."

"சார், சார், ஒரு நிமிஷம்." அவள் தட்டச்சு செய்வது நின்றது. "இது மேடம் ஃபைல் சார். நீங்க என்ன சொன்னாலும் ரிமார்க்ஸ்ல மேடம் பேருக்குக் கீழதான் போகும். வேற யாரு பேரும் போட இதுல எடம் இல்ல. எஸ்னு போட்டேன்னா ஆஃபர் ஹோல்ட் ஆயிடும். மேல ரிவ்யூக்குப் போயிடும். அப்புறம் எப்ப வரும்னு தெரியாது."

"நான் சொல்றது உண்மைம்மா."

"இருக்கட்டும் சார். எனக்கு எஸ், நோ ரெண்டுதான். என்ன போடட்டும்?"

மேசையில் என் தட்டை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். எட்டு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் வாயில் இருந்தன. அவற்றில் எதைச் சொன்னாலும் அது இன்னொரு முறை அவர் தலையில்தான் போய் விழும்.

"நோன்னு போடுங்க" என்றேன்.

"தேங்க்யூ சார். உங்க பேரு, டெசிக்னேஷன் மட்டும் கன்ஃபர்ம் பண்ணிடுங்க."

அவள் கேட்டபடி, ஒவ்வொரு எழுத்தாக என் முழுப்பெயரையும் சொன்னேன். அவள் சரிபார்த்து, திரும்ப வாசித்துக் காட்டினாள். அந்த விவகாரத்தில் என் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அதுதான். அவருக்கு நற்சான்று கொடுத்தவன் என்ற கட்டத்தில்.